ஆக்கியோன் பெயர்

சென்ற தவணையில் ஒருநாள் நன்னூற் பாயிரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். சிறப்புப் பாயிரத்துக்குரிய எட்டனுள் முதலாவது ஆக்கியோன் பெயர் என்று கூறி நிமிர்ந்தபோது, பின்வரிசை மாணவனொருவன் நன்னூலுக்குள் வேறொரு நூலை மறைத்து வாசிப்பதைக் கண்டேன். வாங்கிப் பார்த்தேன், சுப்பர்மான் என்னும் ஆங்கிலச் சித்திரக்கதை. "தம்பி, இதற்கும் ஓர் ஆக்கியோன் உண்டோ?" என்று சற்று ஏளனமாகவே வினவினேன். அவன் முதற்பக்கத்தைக் காட்டி, "இரண்டு பேர் இருக்கிறார்கள், ஐயா. ஆனால் அவர்களுடைய பெயர் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இதில் இல்லாமல் இருந்தது" என்றான்.

அவ்விடை என் நெஞ்சை உறுத்திற்று. தேடிப் படித்தேன். அறிந்தவற்றை அன்பர்களுக்கும் கூற விழைகின்றேன்.

இருவருள் சித்திரம் வரைந்தவர் ஜோ சஸ்டர். 1914 ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரில், குடியேறி வந்த யூதக் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் தையற்காரர். வரைதாள் வாங்க வழியற்ற வீடாதலால், சுவருக்கு ஒட்டும் தாளின் பின்புறத்திலும் இறைச்சிக் கடைத் தாளிலும் வரைந்து பழகினார். பின்னர் குடும்பம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்குப் பெயர்ந்தது. அங்கே பள்ளித் தோழராக வாய்த்தவர் ஜெரி சீகல். சீகல் கதை புனைந்தார். சஸ்டர் உருக் கொடுத்தார்.

இருவரும் மூக்குக்கண்ணாடி அணிந்த கூச்சமுள்ள இளைஞர்கள். அவர்கள் படைத்த வீரனும் பகலில் கண்ணாடி அணிந்த சாதுவான பத்திரிகையாளனே. அவன் பணிபுரியும் பத்திரிகைக்கு முதலில் இட்ட பெயர் டெயிலி ஸ்ரார். சஸ்டர் சிறுவனாய் ரொறன்ரோவில் விற்ற பத்திரிகையின் நினைவு அது. வட்டரங்கு மல்லரின் இறுகிய உடையை வீரனுக்கு உடுத்தி, விரைவு தோன்றத் தோளிலிருந்து பறக்கும் போர்வையையும் சேர்த்தார். கோடுகள் சிலவே, ஓட்டமோ பெரிது.

பல பதிப்பாளர் மறுத்தனர். 1938 மார்ச் மாதத்தில் ஒரு நிறுவனம் 13 பக்கங்களுக்கு 130 டொலர் கொடுத்து, வீரனின் உரிமை முழுவதையும் எழுதி வாங்கிற்று. வேறு வேலைகளுக்கான கூலியுஞ் சேர்த்து 412 டொலருக்கு வந்த காசோலையில் இருவர் பெயரும் எழுத்துப் பிழையோடிருந்தமையால், ஒவ்வொருவரும் இருமுறை கையொப்பமிட நேர்ந்தது. பெயரிழப்பின் முன்னறிகுறி அதுவே போலும்! அக்காசோலை மட்டும் 2012 ஆம் ஆண்டு 160,000 டொலருக்கு ஏலம் போயிற்று.

வீரன் உலகப் புகழ் பெற்றான். சஸ்டரின் கண்ணொளியோ மங்கி வந்தது. உதவியாளரைக் கொண்டே வரையலானார். 1947 இல் இருவரும் வழக்குத் தொடுத்தனர். மறுவருடம் ஏறக்குறைய 94,000 டொலரோடு வழக்கு முடிந்தது. அவர்கள் பெயரும் பக்கத்தினின்று நீங்கிற்று.

ஒப்பந்தம் அறிந்தே செய்தது, பொருளிட்டவன் பதிப்பாளன், சட்டம் பிழைத்ததன்று என்பாருமுளர். உண்மை. ஆயினும் உரிமையை விற்றவன் பெயரையும் விற்றவனாவனோ?

1975 இல், அவ்வீரனைப் பற்றிப் பெருந் திரைப்படமொன்று உருவாகுங்கால், சீகல் தம் நிலையை ஊரறியச் சொன்னார். ஜெரி றொபின்சன், நீல் அடம்ஸ் முதலிய ஓவியர்கள் துணைநின்றனர். நிறுவனம் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் அளிக்கவும் பெயர்களை மீளப் பொறிக்கவும் இசைந்தது. பெயர் மீண்டது, கண்ணொளி மீளவில்லை. 1992 இல் சஸ்டர் மறைந்தார்.

சங்கப் புலவர் ஒருவரின் இயற்பெயர் மறைந்தபோது, தொகுத்தோர் அவர் கையாண்ட உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றனர். பெயரறியாதவிடத்தும் ஆக்கியோனுக்கு ஓரிடம் ஒதுக்கிய மரபு நம்முடையது. அம்மரபைக் கற்பிக்கும் நான் என்ன செய்தேன்? சென்ற ஆண்டுக் கல்லூரி மலரின் அட்டையை வரைந்தவனின் பெயர் தெரிந்திருந்தும், இடமில்லையென்று, "அட்டைப்படம்: மாணவன் ஒருவன்" என அச்சிடுவித்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மலரை வாங்கி, அந்தப் பக்கத்தைச் சிறிதுநேரம் பார்த்துவிட்டுப் போனான்.

சித்திரக்கதையை மறுநாளே உரியவனிடம் திருப்பிக் கொடுத்தேன். இவ்வாண்டு மலரில் முதற்பக்கத்திலேயே ஒரு திருத்தம் வரும். அதில் அந்த மாணவனின் பெயர் எழுத்துப் பிழையின்றி இருக்கும். அச்சுப்படியை நானே பார்ப்பேன்.