பாலின் தரம் மாட்டுத் தொழுவத்தில்தான் தொடங்குகிறது

பாலில் கோளாறு என்றதும் தண்ணீரும் யூரியாவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது வேறொரு நிலவரம் தெரியவந்தது. கலப்படத்தால் உடலுக்குக் கேடான மாதிரிகள் 12 மட்டுமே. அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சு வரம்பை மீறியிருந்தவையோ 368. ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியவை 77. அஃப்ளடாக்சின் அதிகம் சிக்கியது தமிழ்நாட்டில்தான்: 551 மாதிரிகளில் 88. இந்த இரண்டையும் யாரும் பாலில் ஊற்றிக் கலக்கவில்லை. மாட்டின் உடல் வழியாகவே அவை பாலுக்குள் வந்தன. அதனால்தான் பால் துறையின் அடுத்த பெரிய வேலை, பண்ணையிலேயே தரத்தை உறுதிசெய்யும் ஒரு சான்று முறையை உருவாக்குவது என்கிறேன்.

ஈரம் தட்டிய கடலைப் பிண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் மக்காச்சோளத்திலும் பூசணம் பிடிக்கிறது. அந்தப் பூசணம் சுரக்கும் நஞ்சு மாட்டின் ஈரலில் உருமாறிப் பாலில் இறங்குகிறது. வீட்டில் காய்ச்சினாலும் ஆலையில் பாஸ்சரைஸ் செய்தாலும் அது அழியாது. ஆனால் கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களிலேயே பாலில் அதன் அளவு இறங்கிவிடும். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் கதையும் இதுதான்: மருந்து உடலைவிட்டு நீங்கும் நாள்வரை அந்தப் பாலைத் தனியே ஒதுக்கினால் போதும். நம் கூட்டுறவுச் சங்கங்களில் பாலுக்கு விலை போடுவது கொழுப்பையும் கொழுப்பு அல்லாத திடப்பொருளையும் வைத்து. அந்த அளவீட்டில் நஞ்சும் தெரியாது, மருந்தும் தெரியாது. குளிரூட்டும் நிலையத்தில் பல வீட்டுப் பால் ஒன்றாகிவிட்டபின் கோளாறு எந்த மாட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதும் கடினம். தீவனத்தை எங்கே எப்படி வைத்திருக்கிறோம், எந்த மாட்டுக்கு என்ன மருந்து எந்தத் தேதியில் கொடுத்தோம், எத்தனை நாள் பாலை ஒதுக்கினோம் என்ற பதிவுதான் இதற்குத் தீர்வு. பண்ணைத் தரச் சான்றின் சாரமும் அதுவே.

2021-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் தேசிய பால்வள வாரியமும் இணைந்து பால் பொருட்களுக்கு ஒரே முத்திரையைக் கொண்டுவந்தன. நல்ல தொடக்கம். ஆனால் அந்த முத்திரையைப் பெறுவது பால் நிறுவனம். மாடு வளர்ப்பவர் அல்ல. பண்ணைவரை சென்ற நாடுகளுக்குப் பிரிட்டன் உதாரணம். அங்கே 2000-ல் தொடங்கிய ‘ரெட் டிராக்டர்’ முத்திரையின் கீழ் பெரும்பகுதிப் பால் வருகிறது. மருந்துப் பதிவேடும் கால்நடை மருத்துவரின் மேற்பார்வையும் அங்கே கட்டாயம். ஆனால் 2023-ல் அதே அமைப்பு கூடுதல் சுற்றுச்சூழல் விதிகளை அறிவித்தபோது விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். எங்களைக் கேட்காமல் விதி போடுகிறீர்கள், அதற்கான விலையும் கிடைக்கவில்லை என்பது அவர்கள் குறை. கடைசியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. உற்பத்தியாளரின் சம்மதமும் வருமானமும் இல்லாத தரவிதி நிலைக்காது என்பதே நமக்கான பாடம்.

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவரிடம் பதிவேடும் சான்றும் கேட்பது கொடுமையில்லையா என்ற கேள்வி நியாயமானது. பிரிட்டனின் பெரிய பண்ணைகளுக்கான முறையை அப்படியே இங்கே சுமத்தினால் சிறு உற்பத்தியாளர்தான் முதலில் வெளியேறுவார். ஆகவே சான்று தனி ஆளுக்கு வேண்டாம். ஊர்ச் சங்கத்துக்கு வழங்கலாம். இயற்கை வேளாண்மையில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்த்துச் சான்று பெறும் பி.ஜி.எஸ். முறை இந்தியாவில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. பால் சங்கத்துக்கு அது இன்னும் எளிது, ஏனெனில் உறுப்பினர்கள் தினமும் அங்கே வருகிறார்கள். மருந்துப் பதிவைச் சங்கச் செயலாளரோ கால்நடை மருத்துவரோ கைப்பேசியில் ஏற்றலாம். தீவன மாதிரியைச் சங்கமே சோதனைக்கு அனுப்பலாம்.

எல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும் என்பது அடுத்த ஐயம். பதிவேட்டை மட்டும் நம்பினால் அப்படித்தான் ஆகும். முன்னறிவிப்பின்றிச் சங்கப் பாலை அஃப்ளடாக்சினுக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் சோதித்து, அந்த முடிவைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். செலவு யாருடையது என்ற கேள்விக்கும் தெளிவான விடை வேண்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கைக் கொட்டுவதும் பாலை ஒதுக்குவதும் உற்பத்தியாளருக்கு நேரடி இழப்பு. கொழுப்புக்கு விலை உண்டு என்றால் நஞ்சில்லாப் பாலுக்கும் லிட்டருக்கு இத்தனை என்று தனி ஊக்கத்தொகை இருக்க வேண்டும். ஆவின் போன்ற கூட்டுறவு அமைப்பு இதில் முன்கை எடுத்தால் தனியார் நிறுவனங்களும் பின்தொடரும் நிர்ப்பந்தம் வரும். குழந்தைக்குக் கொடுக்கும் பாலில் நஞ்சு இல்லை என்ற உறுதிக்கு ஒரு விலை உண்டு. அதை அரசும் நிறுவனமும் நுகர்வோரும் பகிர்ந்துகொள்வதே முறை; மாடு வளர்ப்பவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது.