படிகள் இல்லாத கியர்ப் பெட்டியும் அதன் எண்ணெயும்

மோட்டார் வண்டியின் கியர்ப் பெட்டி என்றவுடன், ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாக மாறும் பற்சக்கரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நம் நாட்டில் ஓடும் தானியங்கிக் கார்களில் ஒரு வகைக்கு இத்தகைய படிகளே கிடையா. சி.வி.டி. என்று பொதுவாக வழங்கும் அப்பெட்டியில், வேகம் ஏணியில் ஏறுவது போலன்றிச் சாய்தளத்தில் ஏறுவது போல இழைந்து மாறுகிறது. ஓட்டுவோருக்கு இது பெருஞ்சுகம். ஆனால் அதன் எண்ணெயைப் பற்றி அவர்களில் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

அமைப்பு எளியதே. எஞ்சின் பக்கம் ஒரு கப்பி, சக்கரங்களின் பக்கம் ஒரு கப்பி. ஒவ்வொன்றும் எதிரெதிராக நிற்கும் இரு கூம்புகளால் ஆனது. கூம்புகள் நெருங்கினால் இடையே ஓடும் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். விலகினால் அச்சை நோக்கி இறங்கும். ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்குவதால், வேண்டிய விகிதமெல்லாம் இடைவெளியின்றிக் கிடைக்கிறது. நெதர்லாந்து நாட்டு ஹூப் வான் டோர்னே, 1958-ஆம் ஆண்டில் டாஃப் 600 என்ற சிறு காரில் இம்முறையைப் பொருத்திக் காட்டினார். அதில் இருந்தது ரப்பர் பெல்ட். நம் தெருக்களில் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களிலும் ரப்பர் பெல்ட்டே. அதைக் குளிர்விக்கக் காற்றுப் போதும்; எண்ணெய் பட்டால்தான் கெடுதி.

பெரிய எஞ்சினின் விசைக்கு ரப்பர் ஈடுகொடுக்காது. ஆகவே வான் டோர்னேயின் நிறுவனத்தார் எஃகினாலேயே ஒரு பெல்ட்டை உருவாக்கினர். மெல்லிய எஃகு வளையங்களில் ஏறத்தாழ 400 எஃகுத் துண்டுகளை நெருக்கமாகக் கோத்தது அது. சாதாரண பெல்ட் இழுத்து வேலை செய்யும். இதுவோ, ஒரு துண்டு அடுத்த துண்டைத் தள்ள, தள்ளியே விசையைக் கடத்துகிறது. 1987-இல் விற்பனைக்கு வந்த சுபாரு ஜஸ்டி கார் இதனைக் கொண்டிருந்தது. இன்றைய சி.வி.டி. கார்கள் பலவும் இதன் வழிவந்தவையே.

எஃகின்மேல் எஃகு உராயும் இடத்தில் எண்ணெய் இன்றியமையாதது. இங்கேதான் விந்தை. எண்ணெயின் தொழில் வழுக்கச் செய்வது என்று நாம் கருதுகிறோம். இந்தப் பெட்டியிலோ பெல்ட் கப்பியில் வழுக்கவே கூடாது. தேய்மானத்தைத் தடுக்கவும் வேண்டும், பிடிப்பையும் காக்க வேண்டும். இதற்கென்றே தனிச் சேர்மானங்களுடன் சி.வி.டி. எண்ணெய் தயாரிக்கப்படுகிறது. கப்பிகளை நெருக்கிப் பிடிப்பதும் இதே எண்ணெய்தான். பம்பு இதனை வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு அழுத்தத்தில் செலுத்துகிறது. எனவே சாதாரண தானியங்கிப் பெட்டிக்குரிய எண்ணெயை, 'எல்லாம் எண்ணெய்தானே' என்று இதில் ஊற்றுவது பெருந்தவறு. பெல்ட் வழுக்கும், வழுக்கினால் கப்பியின் முகத்தில் கீறல் விழும், கீறல் விழுந்த கப்பியை எந்த எண்ணெயும் சீராக்காது.

இந்த எண்ணெயின் முதற்பகை உஷ்ணம். தில்லியிலிருந்து கோடையில் சிம்லாவுக்குக் காரில் செல்லும் குடும்பத்தை எண்ணுவோம். ரயில் நிலைய அளவுப்படி கால்கா 656 மீட்டர் உயரத்திலும், சிம்லா 2,076 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து 1,500 கிலோ நிறையுள்ள வண்டியை இந்த 1,420 மீட்டர் தூக்க வேண்டும். இவ்வேலையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கியர்ப் பெட்டியில் வீணாகிறது என்று கொண்டால், அந்த உஷ்ணம் ஆறேழு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். பெட்டியில் உள்ள எண்ணெயின் அளவும் பெரும்பாலும் அவ்வளவுதான்! எண்ணெயின் உஷ்ணநிலை 10 டிகிரி ஏறுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையில் வழங்கும் தோராயக் கணக்கு.

ஆகவே எண்ணெய், குளிர்விப்பான் ஒன்றின் வழியே சுற்றி வருகிறது. பல வண்டிகளில் எஞ்சினின் ரேடியேட்டர் நீரே அதையும் குளிர்விக்கிறது. ரேடியேட்டரின் இடுக்குகளில் சேறும் பூச்சிகளும் அடைத்திருந்தால் எஞ்சினோடு கியர்ப் பெட்டியும் வேகும் என்பதைப் பலர் உணர்வதில்லை. குளிர்விப்பானின் உட்சுவர் ஓட்டையானாலோ நீர் எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதே முறை.

மலைச்சாலையில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டியும் தளர்ந்தால், அது பெட்டியைக் காக்கக் கணிப்பொறி தானே விசையைக் குறைப்பதாக இருக்கலாம். அப்போது ஆக்ஸிலேட்டரை மேலும் மிதிப்பது கூடாது. பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, நெம்பை 'பி'-யில் வைத்து, எஞ்சினை ஓடவிட வேண்டும் என்றே கையேடுகள் பல கூறுகின்றன. எஞ்சின் ஓடினால்தான் பம்பு எண்ணெயைச் சுற்றிவிடும். ஏற்றத்தில் நெரிசலில் நிற்கையில், பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கமும் எண்ணெயை வீணே காய்ச்சுவதாகும்.

எண்ணெயை எப்போது மாற்றுவது? வண்டிக்கு வண்டி இது மாறும். கையேடுகளில் பல, கடும் உபயோகத்துக்கு என்று குறைந்த கிலோமீட்டர்க் கணக்கைத் தனியே தந்திருக்கும். கடும் வெயில், மலையேற்றம், நின்று நின்று நகரும் நெரிசல் ஆகியவை அதில் அடங்கும். நம் நகரங்களில் ஓட்டுவோர் அந்தக் கணக்கையே தமக்குரியதாகக் கொள்வது நலம் என்பது என் கருத்து. 'ஆயுள் முழுவதற்கும் போதும்' என்ற விளம்பரச் சொல்லைக் கேட்கும்போது, யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றுகிறது! மாற்றும்போது எண்ணெய்த் தட்டில் உள்ள காந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாவு போன்ற கருந்தூள் இயல்பான தேய்மானம்; கண்ணுக்குத் தெரியும் எஃகுச் சிம்புகள் ஆபத்தின் அறிகுறி. எண்ணெயின் அளவையும் கையேடு சொல்லும் உஷ்ணநிலையில்தான் பார்க்க வேண்டும். சூட்டில் எண்ணெய் விரிவதால் ஆறிய எண்ணெயின் அளவு ஏமாற்றும்.

வண்டி வழியில் நின்றுவிட்டால், எஞ்சினால் ஓடும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்வது தகாது. எஞ்சின் நின்றபோது பம்பும் நின்றுவிடும். உள்ளே எஃகு எண்ணெயின்றித் தேயும். அச்சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் லாரியின் மேல் ஏற்றியோ கொண்டுசெல்லுங்கள்.