மலையைச் சுற்றுவோர் லட்சம். சுமையைச் சுமப்போர் யார்?

பௌர்ணமி இரவு முடிந்து பொழுது விடிகிறது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வந்த லட்சக்கணக்கானோர் பஸ்ஸிலும் ரயிலிலும் ஊர் திரும்புகிறார்கள். வந்தவர் புண்ணியத்தை எடுத்துக்கொண்டு போகிறார். அவர் விட்டுப்போன எச்சில் இலையும், தண்ணீர் பாட்டிலும், தொன்னையும் திருவண்ணாமலையிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றை வாருவதற்குத் துடைப்பத்தோடு நிற்கிறாரே, அந்தத் தூய்மைப் பணியாளருக்குக் கூலி கொடுப்பது யார்? நகரமன்றம். நகரமன்றத்திற்குப் பணம் கொடுப்பது யார்? சந்துக்குள்ளே இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டு, அரையாண்டுக்கு ஒருமுறை வரி ரசீதை வாங்கிக் காலண்டர் ஆணியில் மாட்டி வைக்கிறாரே, அந்த ஏழைத் தொழிலாளி!

பக்தியைப் பற்றி இங்கே வாதாட வரவில்லை. அது அவரவர் உள்ளத்துக் கணக்கு. நாம் பேசுவது ஊர்க் கணக்கு. ஊர்க் கணக்கைப் பேசுவதற்கு உழைப்பவனைவிட உரிமை உள்ளவன் யார்?

1886-இல் நகராட்சியான ஊர் திருவண்ணாமலை. 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 1,45,278. வார்டுகள் 39. 2024-இல் அது மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. பெயர்ப்பலகை பெரிதாயிற்று, மகிழ்ச்சி. பலகைக்குப் பின்னால் இருக்கும் பணப்பெட்டி பெரிதாயிற்றா? அதுதான் கேள்வி.

வரி எப்படி வளர்ந்தது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 2008-இல் சொத்து வரி சீரமைக்கப்பட்டது. 2018-இல் அன்றைய அ.தி.மு.க. ஆட்சி உயர்த்தியது, எதிர்ப்பைக் கண்டு 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகரமன்றங்களுக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லை. கேட்பதற்கு மக்கள் பிரதிநிதி இல்லாத காலம் அது!

பிறகு 2022 ஏப்ரலில் வந்த உயர்வு, நம்முடைய ஆட்சியில் வந்த உயர்வு. மறைப்பானேன்? நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம். 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேல் 100. கடைகளுக்கும் 100. எல்லோர் தலையிலும் ஒரே பாரத்தை ஏற்றாமல், சிறியவனுக்குக் குறைவு, பெரியவனுக்கு அதிகம் என்று படி வைத்ததில் நியாயம் உண்டு. ஆயினும் அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டியவர் 500 கட்ட வேண்டும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 800 கட்டியவர் 1,200 கட்ட வேண்டும். சொந்த வீடு இல்லாதவன் தப்பித்தானா? இல்லை. வீட்டுக்காரர் வரியை வாடகையில் ஏற்றுவார்; வாடகைக்காரன் அதை எங்கே ஏற்றுவான்?

ஏன் இந்த உயர்வு? டில்லியைப் பாருங்கள். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு நகரங்களுக்கு மானியம் பரிந்துரைத்த பதினைந்தாவது நிதிக்குழு, ஒரு நிபந்தனையையும் சேர்த்தே வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும். மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்தில் வரி வசூலும் வளர வேண்டும். இல்லையென்றால் மானியம் இல்லை! நம் வரிப்பணத்தை நமக்கே திருப்பித் தர நம்மிடமே நிபந்தனை! அந்த வழியிலேதான் ஆண்டுதோறும் உயர்வு என்ற ஏற்பாடு வந்தது. 2024-இல் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. ஆறு என்றால் சின்ன எண்தானே என்று எண்ணாதீர்கள். ஆண்டுக்கு ஆறு விழுக்காடு ஏறினால் பன்னிரண்டே ஆண்டில் வரி இரட்டிப்பாகும். கூலி இரட்டிப்பாகுமா?

இனி நம்மூர் வழக்குக்கு வருவோம். நகரங்களுக்கு நிதி பங்கிடும்போது முதன்மையாகப் பார்ப்பது மக்கள் தொகை. எந்தத் தொகை? 2011-இல் எண்ணிய தொகை. அதிலும் வீட்டில் குடியிருப்போர் தொகை. கணக்கெடுப்பவர் பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் நின்று தலை எண்ணுவதில்லை. கார்த்திகை தீபத்தன்று நகரத்தின் குடியினரைவிடப் பல மடங்கு மக்கள் திரள்கிறார்களே, அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், விளக்கு வேண்டும். நிதி ஏட்டில் அவர்கள் இல்லை, சாக்கடையில் இருக்கிறார்கள்.

யாத்ரீகர் விடுதி அறைக்கு ஜி.எஸ்.டி. கட்டுகிறார். பாதி டில்லிக்குப் போகிறது. பாதி கோட்டைக்குப் போகிறது. குப்பை மட்டும் முழுவதும் நகரமன்றத்திற்கு! மாநிலம் தன் சொந்த வரி வருவாயில் பத்தில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குத் தருவது உண்மை. ஆனால் அந்தப் பங்கு ஊருக்கு வரும்போது, மறுபடியும் அதே தலைக்கணக்குதான். கேட்க வேண்டியது இதுதான்: கோயில் நகரங்களுக்கு, வருவோர் தொகையையும் கணக்கில் கொண்டு தனி மானியம் வேண்டும்.

வெளியூர் ஏழையின் மடியில் கை வைக்கச் சொல்லவில்லை. கட்டுச்சோற்றோடு வந்து பாதை ஓரத்தில் படுத்துறங்கும் உழவனிடம் என்ன வாங்குவது? வழிபாட்டு இடத்துக்கும், வாடகை வாங்காத சத்திரத்துக்கும் 1920-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டமே வரி விலக்குத் தந்தது. அது இருக்கட்டும். ஆனால் ஏட்டில் ‘குடியிருப்பு’ என்று எழுதிவிட்டு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அறை வாடகை வாங்கும் கட்டிடங்கள் எத்தனை? சத்திரம் என்று பெயர் சூட்டிக்கொண்டு கட்டணம் வசூலிப்பவை எத்தனை? அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அங்கே போகட்டும் அதிகாரிகள். ஏழையின் சந்தில் ஏறிய படி அங்கேயும் ஏறட்டும்.

இன்னொரு கூட்டமும் உண்டு. மாநகராட்சி எல்லை விரியும்போது, சுற்றியுள்ள ஊராட்சி மக்கள் உள்ளே வருகிறார்கள். கிராமத்துக்கென்று வந்த வேலைத் திட்டம் நகர எல்லைக்குள் கிடையாது. வேலை உரிமை முதலில் போய்விடுகிறது. நகரத்து வரி அடுத்து வந்துவிடுகிறது. குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் எப்போது வரும்? வசதி வந்த பிறகு வரி என்பதே நியாயம்.

2024 டிசம்பர் 1-ஆம் நாளை மறந்துவிட முடியுமா? ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச் சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மீது விழுந்தது. ஏழு உயிர்கள் போயின. அதில் ஐந்து குழந்தைகள். மலைச் சரிவில் வீடு கட்ட ஆசைப்பட்டா ஏழை போனான்? சமதரையில் மனை வாங்கச் சக்தியில்லாமல் போனான். தீபம் எரியும் மலையைக் கோடிக் கண்கள் பார்க்கின்றன. அதன் அடிவாரத்து வீட்டைப் பார்க்க வேண்டியது பட்ஜெட்டின் கண். பாதுகாப்பான மாற்று வீட்டுக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் பணம் ஒதுக்காத வரவு செலவுத் திட்டம், எத்தனை பக்கம் அச்சிட்டாலும் வெற்றுக் காகிதமே.

தோழர்களே! தெருவிலே நின்று முழங்கினால் மட்டும் போதாது. நகரமன்றத்தின் ‘கேட்பு, வசூல், நிலுவை’ப் பட்டியலைக் கேளுங்கள். பெரிய நிலுவைக்காரர் யார் என்று படியுங்கள். வார்டு குழுவிலும் பகுதி சபையிலும் எழுந்து பேசுங்கள். தவறாக அளக்கப்பட்ட ஏழை வீட்டுக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுங்கள். அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அந்தச் செய்தியை வீடு வீடாகச் சொல்லுங்கள். கவுன்சிலர் நம்மவரானால், அவரிடம் இன்னும் உரக்கக் கேளுங்கள்.

ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்து ஊருக்குக் குழாயில் குடிநீர் கொண்டுவந்த பிறகுதான் பெரியார் நாட்டுக்குத் தலைவரானார். 1963 இடைத்தேர்தலில் நம்மை வெற்றிபெறச் செய்து நாடே திரும்பிப் பார்க்க வைத்த ஊர் திருவண்ணாமலை. அந்த ஊருக்கு நாம் பட்டிருக்கும் கடனும் ஒரு நிலுவைதான். அதை முதலில் தீர்ப்போம்!