உடனே நிறுத்த வேண்டிய ஏசி எது?

வீட்டு ஏசி பழுதாகிவிட்டது என்றால், அறை குளிரவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். மெக்கானிக்குக்கு போன் போவதும் அப்போதுதான். ஆனால் குளிர்ச்சி குறைவது பல சமயங்களில் இரண்டு நாள் பொறுக்கக்கூடிய புகார். ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாத பழுதுகளில் சில, அறை ஜில்லென்று குளிர்ந்துகொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுகின்றன. குளிர்ச்சியை மட்டும் கவனிப்பவர்களின் கண்ணில் இவை படுவதில்லை.

ஸ்ப்ளிட் ஏசியின் வேலை, அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவது. மெக்கானிக்குகள் ‘கேஸ்’ என்று சொல்லும் குளிர்பதனப் பொருள், இன்டோர் யூனிட்டின் காயிலுக்குள் குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகிறது. அப்போது அறைக் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்திச் சூடேற்றி அவுட்டோர் காயிலுக்கு அனுப்புகிறது. அங்கே விசிறிக் காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகி, மெல்லிய கேபிலரி குழாய் வழியே அழுத்தம் குறைந்து உள்ளே திரும்புகிறது. மூடிய சுற்று இது. எத்தனை வருடம் ஓடினாலும் இதில் கேஸ் செலவாவதே இல்லை.

முதலில் கவனிக்க வேண்டியது மின்சாரம். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஏறக்குறைய 7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. கீசர் இதைவிட அதிகம் இழுக்கும் என்றாலும் கொஞ்ச நேரத்தில் கட்டாகிவிடும். ஏசியோ இரவு முழுக்க ஓடுகிறது. பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடத்தில் பிடிப்பு தளர்ந்து அரை ஓம் மின்தடை உண்டானால், 7 ஆம்பியரில் அங்கே சுமார் 25 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் சூடு அது. பிளாஸ்டிக்கால் சூழப்பட்ட ஒரு புள்ளியில் மணிக்கணக்காகக் குவிகிறது. சூட்டில் உலோகம் கறுத்து மின்தடை ஏறுகிறது, மின்தடை ஏறியதால் சூடு இன்னும் கூடுகிறது.

இந்தப் பழுதை எம்.சி.பி. கண்டுபிடிக்காது என்பது பலருக்கும் தெரிவதில்லை. மின்னோட்டம் அளவுக்கு மீறினால்தான் எம்.சி.பி. ட்ரிப் ஆகும். சாக்கெட் உருகிக்கொண்டிருக்கும்போதும் மின்னோட்டம் அதே 7 ஆம்பியர்தான். ஏசியும் நன்றாகவே குளிர்விக்கும். ஆகவே கையும் மூக்கும்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்த பிறகு பிளக்கின் மேல்பகுதியைத் தொட்டால் இளஞ்சூட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. சாக்கெட் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், பிளக் முனையில் கருமை, எரிந்த பிளாஸ்டிக் வாடை ஆகியவை தெளிவான அடையாளங்கள். சில வகை சுவிட்சுகளும் சாக்கெட்டுகளும் சூடேறும்போது மீன் கவிச்சி போன்ற வாடை வரும். சமையலறையில் மீன் இல்லாத நாளில் படுக்கையறையில் அந்த வாடை வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஏசி சாக்கெட்டைத்தான்.

இப்படிப்பட்ட நேரத்தில் ரிமோட்டில் அணைப்பது போதாது. ரிமோட் கம்ப்ரஸரை நிறுத்துமே தவிர, மின்சாரம் சாக்கெட் வரை நிற்காமல் வந்துகொண்டுதான் இருக்கும். எம்.சி.பி.யையே கீழே இறக்கிவிட வேண்டும். சாக்கெட்டை மாற்றும்போது, கருகிய ஒயர் முனையை வெட்டியெறிந்துவிட்டு உள்ளே பளபளக்கும் செம்பு வரை சீவித் திருகுவது அவசியம். கருகிய முனையையே புது சாக்கெட்டில் மாட்டினால் அதே சூடு சில வாரங்களில் திரும்பிவிடும்.

எம்.சி.பி. தானே ட்ரிப் ஆவது வேறு சங்கதி. ஒரு முறை விழுந்து, மீண்டும் போட்டதும் ஒழுங்காக ஓடினால் கவனித்துக்கொண்டிருக்கலாம். ஏசியைப் போட்ட மாத்திரத்தில் விழுகிறது என்றால் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது கம்ப்ரஸரின் சுருள் எரிந்து உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. திரும்பத் திரும்ப மேலே தள்ளிப் பார்ப்பது அந்த இடத்தை மேலும் எரிக்கும். 20 ஆம்பியர் விழுகிறதே என்று 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டுவது இன்னும் மோசம், அப்புறம் எம்.சி.பி. விழுவதற்கு முன்பே சுவருக்குள் ஒயர் எரிந்துவிடும். அவுட்டோர் யூனிட்டையோ அது மாட்டியிருக்கும் இரும்புச் சட்டத்தையோ தொடும்போது லேசாகச் சுர்ரென்று இழுத்தால், எர்த் இணைப்பும் மின்காப்பும் ஒருசேரக் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். மொட்டை மாடியில் துணி உலர்த்துபவர்களும் விளையாடும் பிள்ளைகளும் அதைத் தொடக்கூடும் என்பதால் அன்றைக்கே சரிசெய்ய வேண்டிய பழுது இது.

இன்வெர்ட்டர் ஏசிகளில் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே ஒரு மின்னணு பலகை இருக்கிறது. கதகதப்பைத் தேடிப் பல்லியும் எறும்பும் அதற்குள் புகுந்துவிடுவது நம் ஊர்களில் சாதாரணம். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே பல்லி மாட்டிக்கொண்டால் அதுவும் செத்து பலகையும் எரியும். திரையில் எரர் கோடு வந்தால் அழிப்பதற்கு முன் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. ஒரே எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு பழுதைக் குறிக்கும்.

பழைய நிலைவேக ஏசிகளில் அடிக்கடி வரும் பழுது ஒன்று உண்டு. அவுட்டோர் யூனிட் சில விநாடி ‘ம்ம்ம்’ என்று உறுமும், ‘டக்’ என்று நிற்கும், சில நிமிடம் கழித்து மறுபடி உறுமும். கம்ப்ரஸர் சுழலத் தொடங்க முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம். சுழலாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஓவர்லோடு என்ற பாதுகாப்புச் சாதனம் சூடேறித் துண்டிப்பதால்தான் அந்த ‘டக்’. காரணம் பெரும்பாலும் வலுவிழந்த ரன்னிங் கெப்பாசிட்டர், அல்லது கோடை இரவுகளில் இறங்கிப்போகும் வோல்டேஜ். கெப்பாசிட்டர் மலிவான பாகம். ஆனால் இப்படியே ஓர் இரவு முழுக்க உறுமவிட்டால் கம்ப்ரஸரின் சுருளே எரிந்துபோகும்; அதன் செலவு புது ஏசி விலையில் கணிசமான பங்கு. மின்சாரத்தை அணைத்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் மூடியைக் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

அவுட்டோர் விசிறி நின்றுபோய்க் கம்ப்ரஸர் மட்டும் ஓடுவதும் இதே வகைதான். வெப்பம் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். உடனே அணைக்க வேண்டும்.

அடுத்து, ஐஸ். ஏசியில் ஐஸ் படிந்தால் நன்றாகக் குளிர்விக்கிறது என்று மகிழ்பவர்கள் உண்டு; உண்மை நேர்மாறானது. ஒழுங்காக ஓடும் ஏசியின் இன்டோர் காயில் உறைநிலைக்கு மேலேதான் இருக்கும், பெரும்பாலும் 5 முதல் 12 டிகிரி செல்சியஸ். இப்போது பரவலாக உள்ள ஆர்-32 கேஸ், வளிமண்டல அழுத்தத்தைப் போல 8 மடங்கு அழுத்தத்தில் சரியாக 0 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். காயிலில் அழுத்தம் அதற்குக் கீழே இறங்கினால், காயிலில் படியும் ஈரம் சொட்டாமல் உறையத் தொடங்கிவிடும். அழுத்தம் இறங்க முக்கியக் காரணங்கள் இரண்டு: கேஸ் ஒழுகிக் குறைந்திருக்கலாம், அல்லது தூசி அடைத்த ஃபில்டரால் காயிலுக்குப் போதுமான காற்று கிடைக்காமல் இருக்கலாம். காற்று குறைந்தால் பொதுவாகக் காயில் முழுக்க வெள்ளை படரும். கேஸ் குறைந்தால் திரவம் நுழையும் பக்கத்திலும் அதன் மெல்லிய குழாயிலும் முதலில் ஐஸ் கட்டும், மீதிக் காயில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

எதுவாக இருந்தாலும் கூல் மோடை நிறுத்திவிட்டு, ஃபேன் மோடில் ஓடவிட்டு ஐஸைக் கரைக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் காயில் ஓட்டையாகும். கரைந்ததும் ஃபில்டரைக் கழுவி மாட்டிப் பார்க்கலாம். மறுபடி ஐஸ் கட்டினால் மெக்கானிக் வரும்வரை போடக் கூடாது. காற்றில்லாமல் உறைந்த காயிலிலிருந்து கேஸ் ஆவியாகாமல் திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பக்கூடும். ஆவியை அழுத்தத்தான் கம்ப்ரஸருக்குத் தெரியும்; திரவத்தை அழுத்தப்போனால் வால்வு உடையும். கேஸ் குறைந்த ஏசியில் ஆபத்து வேறு விதம். திரும்பிவரும் குளிர்ந்த ஆவிதான் கம்ப்ரஸர் மோட்டாரின் சூட்டைத் தணிக்கிறது. அது குறைந்தால் மோட்டார் கொதிக்கிறது.

கேஸ் செலவாகாது என்பதால், குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. வருடா வருடம் கோடை தொடங்கும்போது கேஸ் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏற்கத் தேவையில்லை. ஒழுகும் இடத்தில் கம்ப்ரஸர் ஆயிலும் கசிவதால், குழாய் இணையும் ஃபிளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று அவுட்டோர் காயிலின் அலுமினியத் தகடுகளை அரிக்கிறது; விரல் பட்டாலே அவை வெண்பொடியாக உதிரும். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

ஒழுகும் கேஸ் எரியுமா என்பது அதன் வகையைப் பொறுத்தது. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 எரியாது. ஆனால் அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் படிப்படியாக விலக்கப்பட்டுவருகிறது. அதன் இடத்துக்கு வந்தவற்றில் ஆர்-32 மிதமாக எரியும். சில மாடல்களில் உள்ள ஆர்-290 என்பது புரொபேன். சமையல் எரிவாயுவிலும் இருக்கும் அதே பொருள். இரண்டுமே காற்றைவிடக் கனமானவை, தரையையொட்டித் தங்கும். ஒரு வீட்டு ஏசியில் இருப்பது பொதுவாக ஒரு கிலோவையொட்டியோ அதற்குக் குறைவாகவோதான். திறந்த அறையில் விரைவில் கலைந்துவிடும். இருந்தாலும் இன்டோர் யூனிட்டிலிருந்து நிற்காமல் ‘உஸ்ஸ்’ சத்தம் வந்து குளிர்ச்சியும் சட்டென்று போனால், ஜன்னலைத் திறந்து, விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி எதையும் பற்றவைக்காமல் அறையைவிட்டு வெளியே வந்து எம்.சி.பி.யை இறக்க வேண்டும். ஏசி நின்றதும் சில நிமிடம் மெல்லக் கேட்கும் ‘சர்’ சத்தம் இதில் சேராது. அது குழாயின் இருபுறமும் அழுத்தம் சமமாகும் ஓசை.

இன்டோரிலிருந்து தண்ணீர் சொட்டுவது பெரும்பாலும் டிரெயின் பைப்பில் பாசி அடைத்ததால். புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட நீரை வடிக்கும் என்பதால் வாளி சீக்கிரம் நிரம்பும். சொட்டும் இடம் வெறும் தரை என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கீழே ஸ்டெபிலைசரோ சாக்கெட்டோ இருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். புழுக்க வாடை, பிளாஸ்டிக் உடம்பில் எப்போதாவது கேட்கும் ‘டிக்’ ஓசை இரண்டுக்கும் அவசரமில்லை. விசிறி கிறீச்சிட்டால் அந்த வாரத்துக்குள் பார்க்கலாம். கம்ப்ரஸரிலிருந்து இரும்பு இரும்போடு மோதும் சத்தம் வந்தால் அதே நிமிடம் நிறுத்த வேண்டும்.

பழுது பார்க்க வருபவரின் வேலை முறையும் கவனிக்க வேண்டியதே. ஒழுகல் இருந்தால் நைட்ரஜனை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அதன்பின் வேக்யூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, ஏசியில் ஒட்டியுள்ள சீட்டில் எழுதியிருக்கும் எடைக்குக் கேஸை நிறுத்து ஏற்ற வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர் கையில் இல்லை என்று வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்சிஜனை ஏற்றிச் சோதிக்கும் ஆபத்தான பழக்கம் சிலரிடம் உண்டு. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜன் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். ஆக்சிஜன் சிலிண்டரை ஏசிக் குழாயோடு இணைக்கப் போவது தெரிந்தால், வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட வேண்டும்.