புடவைக் கட்டுப்பாடும் நீதிமன்றமும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலங்கைக்குத் துணி வருவது குறைந்துபோனது. வந்த கொஞ்சத்தையும் பணமுள்ளவர்கள் வாங்கிக் குவித்துவிடாதபடி அரசு கூப்பனுக்குப் பங்கிட்டது. 1945ஆம் ஆண்டின் புடவைக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் புடவைக்கடை நடத்த முடியாது. வாங்கிய கூப்பன்களை ஒப்படைத்துக் கணக்கும் காட்டவேண்டும்.

இவற்றைப் பார்த்துக்கொண்டவர் புடவைக் கட்டுப்பாட்டாளர். ஒரு வியாபாரி தொழிலைத் தொடரத் தகுதியற்றவர் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால், அவருடைய அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்ய 62ஆம் விதி இடம் கொடுத்தது. அரசு குறித்த விலையை விடக் கூடுதலாக விற்றால் அபராதத்தைக் கட்டிவிட்டுக் கடையைத் திறக்கலாம்; அனுமதிப்பத்திரம் போனால் கடையே போச்சு. பெரிய வழக்குகள் விலையைப் பற்றி எழாமல் இந்த அதிகாரத்தைப் பற்றி எழுந்ததில் வியப்பில்லை.

1947இல் அப்துல் தாசிம் வழக்கில், கட்டுப்பாட்டாளரின் முடிவை எழுத்தாணை (ரிட்) மூலம் பரிசீலிக்கலாம் என்று இலங்கை உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்து வந்தது நக்குடா அலி என்ற புடவை வியாபாரியின் வழக்கு. கூப்பன் கணக்கில் முறைகேடு என்ற சந்தேகத்தில் கட்டுப்பாட்டாளர் ஜயரத்ன அவருடைய அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்தார். வழக்கு அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950இல் தீர்ப்பை எழுதியவர் ராட்கிளிஃப் பிரபு.

அந்தத் தீர்ப்புக்கு இரண்டு முகம். நியாயமான காரணம் இருப்பதாக அதிகாரி நினைத்தால் போதாது, உண்மையிலேயே இருக்கவேண்டும் என்றது ஒரு முகம். 1941இல் இங்கிலாந்தின் லிவர்சிட்ஜ் வழக்கில் நீதிபதி அட்கின் பிரபு தனியாளாக நின்று சொன்னதும் இதுவே. மற்ற முகம் வியாபாரிக்குப் பாதகமானது: அனுமதிப்பத்திரம் ஒரு சலுகை, அதைத் திரும்பப் பெறுபவர் நீதிபதியைப் போல நடக்கத் தேவையில்லை, எனவே எழுத்தாணையும் கிடையாது. நக்குடா அலி தோற்றார். கடையை நம்பிக் குடும்பமே பிழைக்கும்போது அதைச் சலுகை என்று சொன்னது இலண்டனிலிருந்து பார்த்த பார்வைதான்.

அந்த இரண்டாம் முகம் நிலைக்கவில்லை. 1963இல் இங்கிலாந்தின் ரிட்ஜ் வழக்கில், நக்குடா அலி தீர்ப்பு தவறான புரிதலில் எழுந்தது என்று ரீட் பிரபு கண்டித்தார். 1966இல் யாழ்ப்பாண மேயர் துரையப்பாவின் வழக்கு வந்தது. மாநகர சபையைக் கலைக்குமுன் அமைச்சர் அதன் பக்கத்தைக் கேட்டிருக்கவேண்டும் என்று பிரிவி கவுன்சிலே ஒப்புக்கொண்டது. ஆனால் முறையிடும் உரிமை சபைக்கு உரியது, மேயருக்கு அல்ல என்று சொல்லி அவரைத் தோற்கடித்தது.

இந்தியாவில் கேள்வி வேறு. 1948 நவம்பரில் பம்பாயிலிருந்து கான்பூருக்கு ஆறு மணங்கு எடைக்கு மேற்பட்ட புதுத்துணியை அனுமதியின்றிக் கொண்டுபோன ஹரிசங்கர் பாக்லாவும் மனைவியும் இட்டார்சியில் ரயில்வே போலீசிடம் சிக்கினார்கள். துணி நடமாட்டக் கட்டுப்பாடு வியாபார உரிமையைப் பறிக்கிறது என்பது அவர்கள் வாதம். தட்டுப்பாட்டுக் காலத்தில் அது நியாயமான கட்டுப்பாடே என்று 1954இல் இந்திய உச்ச நீதிமன்றம் முடித்தது. பொதுவாக நீதிமன்றம் ஒரு முழம் துணி என்ன விலைக்குப் போகவேண்டும் என்ற கணக்கில் இறங்குவதில்லை. சட்டம் அந்த அதிகாரத்தைத் தந்ததா, அதிகாரி முறைப்படி நடந்தாரா என்றுதான் பார்க்கும். விலை அநியாயம் என்று வாதிட்டு வெல்வது கடினம். விசாரிக்காமல் தண்டித்தார்கள் என்ற வாதத்துக்கே வலு அதிகம்.

இலங்கையில் 1950ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தை இன்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதன்படி அதிகாரசபை வர்த்தமானியில் உச்சவிலை அறிவிக்கலாம். பெரும்பாலும் அரிசி, சீனி போன்றவற்றுக்கே அறிவிக்கிறது. அத்தகைய கட்டளையால் பாதிக்கப்படும் வியாபாரி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

தீபாவளி முற்பணத்தோடு தோட்டங்களிலிருந்து நாவலப்பிட்டிப் புடவைக்கடைகளுக்கு இறங்கிவரும் குடும்பத்துக்கு இந்த வழக்குகளை விட 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிறு பிரிவுகள்தான் உதவும். கடையில் விலையைப் பார்வைக்கு வைக்கவேண்டும். கேட்டால் பில் கொடுக்கவேண்டும். முறைப்பாடு இருந்தால் எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு அனுப்பவேண்டும்.