வாடுவது தாகத்தால் அல்ல

லாவெண்டர் வாடி நின்றால் கை தானாகத் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும். அதற்கும் தெளியாவிட்டால் அடுத்தது உரம். லண்டனில் வீட்டுத் தோட்டம் போடுபவர்கள் பலர் இந்தச் செடியைப் பறிகொடுப்பது இப்படிப்பட்ட கவனிப்பால்தான்.

லாவெண்டரின் பூர்வீகம் மேற்கு மத்தியதரைக் கடலை ஒட்டிய மலைச்சரிவுகள். கல்லும் சரளையும் கலந்த மண், நிற்காமல் வடிந்துவிடும் மழைநீர், கோடை முழுக்க வெயில். லண்டனின் பெரும்பகுதியிலோ கனத்த களிமண். கோடையில் வெடிப்பு விடும். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும். 'இங்கிலீஷ் லாவெண்டர்' என்று விற்கப்படும் வகை, பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி குளிரையும் தாங்கும். ஆனால், குளிரோடு ஈரமும் சேர்ந்தால் தாங்காது. நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கிப்போவது இதனால்தான். இதற்கு மருந்து தண்ணீரோ உரமோ அல்ல, செடியை ஏற்ற இடத்துக்கு மாற்றுவதுதான்.

இடம் பார்ப்பது எப்படி?

செடி வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பூ குறைந்திருந்தால் நிழல்தான் காரணம். நாளுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அடி இலைகள் பழுத்து, தூர் கறுத்திருந்தால் வடிகாலைச் சந்தேகிக்கலாம். புது இடத்தில் ஓர் அடி ஆழம் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். சில மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால், அங்கே மாற்றிப் பயனில்லை. தோட்டம் முழுக்கவே களிமண் என்றால், சரளை கலந்து மேட்டுப் பாத்தி போடுவதே வழி.

ஏப்ரலில் புதுத் துளிர் தலைகாட்டும் சமயம் மாற்றுவதற்குத் தோதானது. கிளைகள் படர்ந்திருக்கும் அகலத்துக்குச் சுற்றிலும் வெட்டி, தாய்மண் உதிராமல் பெயர்க்க வேண்டும். வேரைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெளிறி, விறைப்பாக இருந்தால் நம்பி நடலாம். பழுப்பேறி, நசுக்கினால் தோல் கழன்று வந்தால் அந்தச் செடியைக் கைவிடுவதே நல்லது.

குழியில் தொழுவுரம் வேண்டாம். ஊட்டம் கூடினால் தண்டு கொழுக்கும், பூ குறையும். தூர் மண்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி நட்டு, சுற்றிலும் சரளைக்கல் மூடாக்கு போடுங்கள். நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். முதல் கோடையில் மட்டும் மண் நன்கு காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். கவாத்து செய்யும்போது இலையுள்ள பசுந்தண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மொட்டைக் கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

வயதான செடி என்றால்?

அடி முழுக்கக் கட்டையாகி, நடுவில் பிளந்துவிட்ட செடி இடமாற்றத்தைத் தாங்குவது அரிது. கோடையில் பூக்காத இளங்கிளைகளாகப் பார்த்து விரல் நீளத்துக்கு எடுங்கள். அடி இலைகளை உருவிவிட்டு, மணல் கலந்த தொட்டி மண்ணில் ஊன்றி வேர்பிடிக்க வையுங்கள். பழைய செடியின் அதே ரகம் இளமையோடு கிடைக்கும்.

செடிக்கேற்ற இடம் என்பதைத் தன் கொள்கையாகவே வைத்திருந்தவர், எஸ்ஸெக்ஸைச் சேர்ந்த தோட்டக்கலைஞர் பெத் சாட்டோ. 2018-ல் காலமான அவர், 1990-களின் தொடக்கத்தில் தன் கார் நிறுத்துமிடத்தையே சரளைத் தோட்டமாக்கினார். இங்கிலாந்தில் மழை மிகக் குறைவான பகுதிகளில் எஸ்ஸெக்ஸும் ஒன்று. வறட்சியைத் தாங்கும் செடிகளாகத் தேர்ந்து நட்டு, அவை வேரூன்றிய பின் தண்ணீரே பாய்ச்சாமல் வளர்த்துக் காட்டினார். அதே வளாகத்தில், நீர் ஊறும் பள்ளத்தை ஈரம் விரும்பும் செடிகளுக்கு ஒதுக்கியிருந்தார்.

லாவெண்டரைப் பெயர்த்த இடத்தையும் அப்படியே பார்க்கலாம். நிழலும் ஈரமும் ஹோஸ்டாவுக்கும் அஸ்டில்பிக்கும் பிடித்தமானவை. அந்தக் களிமண்ணோடு மல்லுக்கட்டாமல், அதற்கு ஒத்துவரும் செடியை அங்கே வையுங்கள்.