மீனுக்கும் ஒரு மறைவிடம்

கம்பம் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் வாழ்பவர்களுக்கு அயிரை மீனை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விரல் நீளமே உள்ள அம்மீன், ஆபத்தை உணர்ந்த கணமே மணலுக்குள் புதைந்துகொள்ளும். அதன் சுவை அறிந்த நம்மவர்க்கு அது தரும் பாடத்தில் அத்தனை நாட்டமில்லை! 1895-ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்த சுரங்க வழியே இப்பள்ளத்தாக்கில் இறங்கி வைகையைச் சேரும் பெரியாற்று நீரில், பாறை இடுக்கும் கரையோர வேரும் பாசியும் மீன்களுக்கு இயற்கை அளித்த ஒளிவிடங்கள். 1952-இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையோ, தன் குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது.

இல்லங்களைச் சந்திக்கச் செல்கையில், வரவேற்பறையில் வெறும் கண்ணாடித் தொட்டிகளை நாம் பார்க்கிறோம். அடியில் வண்ணக் கற்கள், மேலே இரவு பகலாக எரியும் விளக்கு, வேறொன்றுமில்லை. மீன் நிறம் வெளிறி, உணவைத் தொடாமல் ஒரு மூலையில் நிற்கிறது. குழந்தைகள் கண்ணாடியைத் தட்டி அதனை எழுப்ப முயல்கின்றனர். நோய் என்று பெற்றோர் கடையில் மருந்து வாங்குகின்றனர். பல வேளைகளில் அதன் நோய் அச்சமே. அச்சம் நீடித்தால் மீனின் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றி, வெள்ளைப்புள்ளி போன்ற நோய்கள் உண்மையாகவே பற்றிக்கொள்ளும்.

மறைவிடம் வைத்தால் மீன் கண்ணில் படாதே என்று சிலர் கேட்பர். நிகழ்வது இதற்கு நேர்மாறு. ஓடி ஒளிய இடம் உண்டென்று அறிந்த மீனே துணிந்து வெளியே உலவும்.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. வாய் உடைந்த மண்கலயத்தின் கூர் விளிம்பைத் தேய்த்துவிட்டுப் படுக்க வைக்கலாம். தேங்காய்ச் சிரட்டையானால், நார் நீக்கி, சாயம் இறங்கும் வரை பலமுறை நீர் மாற்றிக் கொதிக்க வைத்தல் வேண்டும். ஆற்றுக் கல்லின்மீது எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தண்ணீரின் தன்மையை மாற்றிவிடும். கற்களை மணலின்மேல் அடுக்காது தொட்டியின் அடித்தளத்தில் ஊன்றி வையுங்கள். மணலைத் தோண்டும் மீன்மேல் கல் சரிந்து விழக்கூடும். துளையின் அளவும் முக்கியம்: மீன் தடையின்றி நுழைந்து திரும்ப வேண்டும், சிக்கிக்கொள்ளக் கூடாது. பிளாஸ்டிக் செடிகளின் கூர்முனைகள் சண்டை மீனின் நீண்ட துடுப்புகளைக் கிழித்துவிடும்.

கப்பி வளர்ப்போர்க்கு ஒரு சொல். அது குட்டி போடும் மீன். தாயே தன் குட்டிகளைத் தின்றுவிடும். வேலம்பாசியை அடர்த்தியாக மிதக்க விட்டால் சில குட்டிகளாவது பிழைக்கும். தங்க மீனுக்குக் குகை அவ்வளவு தேவையில்லை. நீந்தப் பரந்த இடமே அதற்கு வேண்டும்.

மறைவிடத்தை அமைத்த பின் நாள்தோறும் அதை இடம் மாற்றாதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள். வளர்க்க இயலாது போனால் கடையில் திருப்பிக் கொடுங்கள். வைகையிலோ கண்மாயிலோ விட வேண்டாம். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கப்படும் தென் அமெரிக்க மீன், தமிழகத்தின் பல நீர்நிலைகளில் இப்படித்தான் பெருகி, நாட்டு மீன்களை நெருக்கி வருகிறது.